கோணேஸ்வ்~3

தொண்ணூற்றெட்டில் எங்கள் மீன்பிடிச் சங்கத்துக்குப்
புதுக் கம்ப்யூட்டர் வந்தது.
இனிக் கோப்புக்கு எவ்வளவு நீளமும் பேர் வைக்கலாம் அக்கா
என்றான் பூட்ட வந்த பொடியன்.
வைத்தேன்.
பத்து வருஷம் எட்டு எழுத்துக்குள் மூச்சடக்கியவள்
இங்கிலீஷ் எழுத்தில், இடைவெளி விட்டு விட்டு,
கோணேஸ்வரன் சாமித்தம்பி திருக்கடலூர்
எஞ்சின் கடன் இரண்டாம் தவணை
மரியதாஸ் சேர் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை
என்று.
இவ்வளவும் ஒரே கோப்பின் பேர்.

மூதூர்க் கிளையில் இருந்ததோ பழைய பெட்டி.
கறுப்புத் திரை, பச்சை எழுத்து,
எட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது.
பிளாப்பியைப் பொலித்தீனில் சுற்றி
காலை லோஞ்சில் கொடுத்துவிடுவேன்.
கொட்டியாரக் குடாவைத் தாண்டும்போது
பேர்கள் ஒடிந்துவிடும்.
ஆறு எழுத்து, பிறகு ஒரு சின்ன அலை,
அலைக்குப் பின்னால் ஓர் எண்.

எங்கள் ஊரில் கோணேசர் பேரில்லாத வீடு எது?
கோணேஸ்வரன், கோணேஸ்வரராசா,
கோணேஸ்வரலிங்கம், கோணேஸ்வரி.
முதல் ஆறு எழுத்து நாலு பேருக்கும் ஒன்று.
அலை ஒன்று, அலை இரண்டு, அலை மூன்று, அலை நாலு.
தொலைபேசியில் பௌசியா கேட்பாள்:
"மூண்டாவது ஆர்?"
லிங்கம், என்பேன்.
அவள் பென்சிலால் எழுதிக்கொள்வாள்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான்:
அந்த எண் ஆளோடு ஒட்டினதில்லை.
வரிசையில் நின்ற இடம், அவ்வளவே.
முதல் பிளாப்பி பூஞ்சணம் பிடிக்க,
புதியதில் மறுபடி இழுத்துப் போட்டேன்,
கைக்கு வந்தபடி.
லிங்கம் முந்திக்கொண்டார்.
மூன்றாவதாகப் போய் நின்றாள் கோணேஸ்வரி.

ஆவணியில் பொருட்கள் வந்தன.
சம்பூர்க் கோணேஸ்வரலிங்கம்
கருவாடு காயவைக்கிற நாலு பாயும்
ஒரு மூட்டை உப்பும் தோளில் சுமந்து
வாசலில் நின்றார்.
ஒன்றும் பேசவில்லை. பாயை விரித்துக் காட்டினார்.

கோணேஸ்வரிக்கு வந்தது
எட்டுக் குதிரைவலு எஞ்சின்.
ஆளனுப்பியும் திருப்பித் தரவில்லை.
நானே சல்லிக்குப் போனேன்.
மீன் செதில் ஒட்டிய கையால் கடிதத்தை நீட்டினாள்:
"மூண்டு எண்டு போட்டிருக்கு.
மூண்டு நான்தானே, தங்கச்சி?"
அந்தக் கிழமை அவள்தான்.
பொய் சொல்ல வாய் வரவில்லை.

மரியதாஸ் சேர் கத்தினார். பிறகு தேத்தண்ணி குடித்தார்.
அதன்பிறகு பேரை மாற்றி வைக்கப் பழகினேன்.
வித்தியாசம் முன்னுக்கு வரவேண்டும்,
ஒற்றுமை எங்கே ஒடிந்தாலும் பரவாயில்லை.
நாங்கள் தகப்பன் எழுத்தை முன்னால் போடுகிற சனம்,
இது எனக்கு முதலே தோன்றியிருக்கலாம்.
சா. கோணேஸ்வரன், வே. கோணேஸ்வரராசா.
கோணேஸ்வரியிடம் கேட்டேன், எந்த எழுத்து?
தகப்பனா, புருஷனா?
"ரெண்டு பேரும் கடன் வைச்சிட்டுப் போனவை.
என்ர பேரையே போடு."

பழைய பட்டியல்களைக் கிழித்துப் பின்வாசலில் கொட்டினேன்.
கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து
ஓரத்தில் ஓட்டை போட்ட தாளை மென்றன.
ஒரு கொம்பில் தாள்நாடா தொங்கியபடியே
கச்சேரி வாசல்வரை போனது ஒன்று.

லிங்கத்துக்கு எஞ்சின் அடுத்த வருஷம் கிடைத்தது.
பாயை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

கோணேஸ்வரி சொந்தத்தில் ஒரு பெடியனைப் பிடித்து
படகு விட்டாள்.
அணியத்தில் நீலப் பெயின்றில்
ஒரு வளைந்த கோடு, பக்கத்தில் மூன்று.
கடிதத்தில் இருந்தபடியே, அச்சொட்டாக.

கடல் பாஸ் பார்க்கிற நேவிக்காரன் கேட்டானாம்,
இது என்ன அடையாளம், ஆற்ற இயக்கம்?
"பேர்," என்றாளாம்.
அவன் பெரிய கொப்பியைத் திறந்து
நாக்கை நீட்டிக்கொண்டு
அந்த அலையை மெல்ல வரைந்தானாம்,
இரண்டுதரம் அழித்து.